குடுவையில் பெருகின, தசையில் தங்கவில்லை: மயோபிளாஸ்ட் மாற்றுச் சிகிச்சை குறித்த நிகழ்வு ஆய்வு

1995-ஆம் ஆண்டு ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில், அமெரிக்காவின் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் ஜெரி மெண்டலும் அவருடைய குழுவினரும் ஒரு மருத்துவப் பரிசோதனையின் முடிவை வெளியிட்டார்கள். டூஷேன் தசைச்சிதைவு நோய்க்கு ஆளான 12 சிறுவர்கள் அதில் பங்கேற்றிருந்தார்கள். தந்தையிடமிருந்தோ சகோதரனிடமிருந்தோ எடுத்து ஆய்வகக் குடுவையில் பெருக்கிய இளம் தசைச் செல்கள் (மயோபிளாஸ்டுகள்), ஒவ்வொரு சிறுவனுக்கும் ஒரு கையின் இருதலைத் தசையில், மாதம் ஒருமுறையாக ஆறு மாதங்களுக்குச் செலுத்தப்பட்டன. ஒரு தடவைக்கு 11 கோடி செல்கள். மறு கைக்குப் போலி ஊசி. சிலருக்குச் சைக்ளோஸ்போரின் என்னும் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தும், சிலருக்கு அதற்கு மாற்றாகப் போலி மருந்தும் குலுக்கல் முறையில் தரப்பட்டன.

செல் பெற்ற கைக்கும் பெறாத கைக்கும் வலுவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தென்படவில்லை. தசைத் துணுக்கை எடுத்துச் சோதித்தபோது, இந்நோயில் இல்லாமற்போகும் டிஸ்ட்ரோபின் என்னும் புரதம், கொடையாளியிடமிருந்து வந்ததாக, ஒரே ஒரு சிறுவனிடம்தான் 10.3 விழுக்காடு தசையிழைகளில் காணப்பட்டது. இன்னும் மூவரிடம் அது 1 விழுக்காட்டுக்கும் குறைவு. எஞ்சிய எட்டுப் பேரிடம் அறவே இல்லை. ஆறு மாதங்களில் ஒரு சிறுவனின் கைக்குள் போன செல்களைக் கூட்டிப் பார்த்தால் 66 கோடி வருகிறது. அந்த 66 கோடிக்கும் என்ன ஆயிற்று என்பதுதான் இந்த ஆய்வு எடுத்துக்கொள்ளும் கேள்வி.

மீளுருவாக்க மருத்துவம் குறித்து எழுதப்படுபவற்றில் பெரும்பகுதி வரப்போகும் வெற்றிகளைப் பற்றியது. மெண்டல் குழுவின் பரிசோதனையோ, ஒழுங்காகத் திட்டமிட்டு, ஒப்பீட்டுக் கையோடு நடத்தி, கிடைத்த முடிவை மழுப்பாமல் வெளியிட்ட ஒரு தோல்வி. அதனாலேயே அதற்குப் பின்னர் வந்த இருபது ஆண்டு ஆய்வுகளை அதனோடு பொருத்திப் படிக்க முடிகிறது. அப்படிப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோல்வியின் ஒரு பாதி ஊசி போட்ட பிறகு நேர்ந்தது. மறு பாதி அதற்கு முந்தைய வாரங்களில், செல்கள் குடுவையில் நன்றாகப் பெருகுகின்றன என்று அனைவரும் மகிழ்ந்திருந்த வேளையிலேயே நேர்ந்துவிட்டது.

செல்லை நாடியதற்கான காரணம்

டூஷேன் நோய் எக்ஸ் குரோமோசோமில் உள்ள டிஸ்ட்ரோபின் மரபணுவில் ஏற்படும் பழுதால் வருவது. ஆகவே ஏறத்தாழ முழுவதும் ஆண் குழந்தைகளையே தாக்குகிறது. தசையிழையின் உட்சட்டகத்தை அதன் சவ்வின் வழியாக வெளியிலுள்ள திசுவோடு பிணைத்துவைப்பது டிஸ்ட்ரோபின் புரதத்தின் வேலை. அது இல்லாத தசை ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் சவ்வு கிழிகிறது; கிழிந்ததை உடல் சரிசெய்கிறது; மறுபடி கிழிகிறது. சில ஆண்டுகளில் பழுதுபார்க்கும் திறன் ஓய்ந்து, தசை இருந்த இடத்தைக் கொழுப்பும் நார்த்திசுவும் பிடித்துக்கொள்கின்றன. பத்து, பன்னிரண்டு வயதளவில் நடை நின்று, பின்னர் மூச்சுத் தசைகளும் இதயமும் தளர்கின்றன.

பாஸ்டனில் லூயி குங்கெலின் குழு 1986-இல் இந்த மரபணுவை அடையாளம் கண்டது. மறு ஆண்டு புரதமும் தெரியவந்தது. ஆனால் மரபணு 20 லட்சம் டிஎன்ஏ எழுத்துகளுக்கும் மேல் நீண்டு, புரதத்துக்கான செய்தி 79 எக்ஸான்கள் என்னும் துண்டுகளாகச் சிதறிக் கிடந்தது. மரபணுவைச் செல்லுக்குள் சுமந்துசெல்ல அன்று இருந்த எந்த வைரஸ் ஊர்தியிலும் அது ஏறாது. இந்த இடத்தில்தான் செல்லின் ஈர்ப்பு வருகிறது. ஆரோக்கியமான தசைச் செல் ஒவ்வொன்றும் முழு மரபணுவையும் தன் கருவிலேயே வைத்திருக்கிறது. மேலும் தசையிழை என்பது பல செல்கள் ஒன்றாக இணைந்து உருவான, பல கருக்களைக் கொண்ட ஒரே நீள இழை. நோயுற்ற இழையோடு ஒரு நல்ல செல் இணைந்துவிட்டால், அந்த நல்ல கரு தன்னைச் சுற்றியுள்ள பகுதிக்காவது டிஸ்ட்ரோபினைத் தந்துகொண்டிருக்கும். வேறு எந்த உறுப்பிலும் இவ்வளவு இயல்பான வாய்ப்பு கிடையாது.

இணையக்கூடிய செல் எது என்பதும் தெரிந்தே இருந்தது. நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் நிறுவனத்தில் அலெக்சாண்டர் மௌரோ 1961-இல் தவளையின் கால் தசையை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, இழையின் சவ்வுக்கும் அதை மூடியிருக்கும் அடிப்படலத்துக்கும் இடையே ஒட்டிக்கொண்டு படுத்திருந்த சிறிய செல்களைக் கண்டு, அவற்றுக்குச் சாட்டிலைட் செல் என்று பெயரிட்டார். தசையின் ஸ்டெம் செல் அதுவே. சாதாரண நாளில் உறங்கிக்கிடக்கும். தசை காயப்பட்டால் விழித்துப் பிளவுற்று மயோபிளாஸ்டுகளைத் தரும். மயோபிளாஸ்டுகள் இணைந்து புது இழையாகும் அல்லது பழைய இழையை ஒட்டுப்போடும். சிலது மட்டும் மறுபடி அதே இடத்தில் போய் உறங்கி அடுத்த காயத்துக்குக் காத்திருக்கும்.

லண்டனில் டெரன்ஸ் பார்ட்ரிட்ஜும் அவருடன் பணியாற்றியவர்களும் 1989-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட கட்டுரைதான் மருத்துவர்களை அசைத்தது. டிஸ்ட்ரோபின் இல்லாத எம்டிஎக்ஸ் சுண்டெலிகளின் தசையில் ஆரோக்கியமான எலியின் மயோபிளாஸ்டுகளைச் செலுத்தியபோது, டிஸ்ட்ரோபின் கொண்ட இழைகள் தோன்றின. எலியின் கால் தசை சில மில்லிமீட்டர் பருமன்தான்; ஓர் ஊசி போட்டால் அதன் பெரும்பகுதியை எட்டிவிடலாம். எம்டிஎக்ஸ் எலிகள் நோயிருந்தும் ஓடியாடி ஏறத்தாழ முழு ஆயுளும் வாழ்பவை. இந்த இரண்டு வேறுபாடுகளும் யாருக்கும் தெரியாதவை அல்ல. ஆனால் மகன் நடை இழப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த பெற்றோரிடமும், அவர்களுக்குச் சொல்ல வேறெதுவும் இல்லாத மருத்துவர்களிடமும் பொறுமையை எதிர்பார்த்திருக்க முடியாது. ஓரிரு ஆண்டுகளிலேயே வட அமெரிக்காவின் பல மையங்களில் சிறுவர்களுக்குச் செல்கள் செலுத்தப்படலாயின.

குடுவைக்குள் நடப்பது

வளர்ப்பு முறையைச் சற்று நெருங்கிப் பார்க்காமல் இந்த நிகழ்வைப் புரிந்துகொள்ள இயலாது. மனிதத் தசைச் செல்களைப் பிரித்தெடுத்து வளர்க்கும் முறையை ஸ்டான்ஃபோர்டில் ஹெலன் பிளாவ் 1980-களின் தொடக்கத்திலேயே ஒழுங்குபடுத்தியிருந்தார். இன்றுவரை ஆய்வகங்கள் பின்பற்றுவது பெரும்பாலும் அதன் வழிவந்த முறைகளையே.

கொடையாளியின் தசையிலிருந்து வெட்டியெடுத்த சிறு துணுக்கைக் குளிர்ந்த உப்புக் கரைசலில் கொண்டுவந்து, கொழுப்பையும் இணைப்புத் திசுவையும் இடுக்கியால் பிரித்துப்போட்டு, நுண்ணிய கத்தரியால் கூழாகும்வரை நறுக்குகிறார்கள். கொலாஜினேஸ், டிஸ்பேஸ், டிரிப்சின் போன்ற நொதிகளில் 37 டிகிரி செல்சியஸில் ஊறவைத்தால் அடிப்படலம் கரைந்து, அதற்குள் அடங்கியிருந்த சாட்டிலைட் செல்கள் வெளிப்படுகின்றன. வடிகட்டி, சுழற்றிப் படியவைத்துக் குடுவையில் இடும்போது அவற்றோடு நார்ச்செல்களும் சேர்ந்தே வருகின்றன. நார்ச்செல்கள் வேகமாகப் பெருகுபவை. விட்டுவைத்தால் குடுவையே அவற்றுடையதாகிவிடும். அவை பிளாஸ்டிக் தரையில் முந்திக்கொண்டு ஒட்டிக்கொள்ளும் என்பதைப் பயன்படுத்தி, சிறிது நேரம் கழித்து மேலே மிதக்கும் திரவத்தை மட்டும் கொலாஜன் பூசிய இன்னொரு குடுவைக்கு மாற்றுவது பழைய உத்தி. சிடி56 என்னும் மேற்பரப்புப் புரதத்தைப் பிடிக்கும் எதிர்ப்பொருளைக் காந்தத் துகளில் ஏற்றிப் பிரிப்பது இப்போதைய வழக்கம்.

அதன் பிறகு உணவு. ஹாம் எஃப்-10 ஊடகம், அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கன்றுக்கரு சீரம், எஃப்ஜிஎஃப்-2 என்னும் வளர்ச்சிக் காரணி. வெப்பம் 37 டிகிரி, கரியமில வாயு 5 விழுக்காடு. முதல் சில நாள் எதுவும் நடக்காததுபோல் இருக்கும். பிறகு நுண்ணோக்கியில் இரு முனையும் கூராக, ஒளி பட்டால் பளிச்சென்று தெரியும் மெலிந்த செல்கள் தனித்தனியாகத் தென்படத் தொடங்கும். அகன்று தட்டையாகக் கிடக்கும் நார்ச்செல்லிடமிருந்து பழகிய கண் இவற்றை எளிதில் பிரித்தறிந்துவிடும். தரையின் பாதிக்குச் சற்று மேல் நிரம்பியதும் டிரிப்சின் இட்டுப் பெயர்த்து, ஒரு குடுவையை மூன்று நான்காகப் பிரிக்க வேண்டும். தாமதித்தால் செல்கள் ஒன்றையொன்று தொட்டு, ஒரே திசையில் வரிசைகட்டி, இணைந்து, பல கருக்கள் கொண்ட குழல்களாகிவிடும். இணைந்தது மறுபடி பிளவுறாது. சனி, ஞாயிறு எட்டிப்பார்க்காமல் விட்ட குடுவை திங்களன்று போயிற்று என்று பொருள். இதே இயல்பைத்தான் தரச் சோதனைக்கும் பயன்படுத்துகிறார்கள்: ஒரு தட்டில் மட்டும் சீரத்தை எடுத்துவிட்டு 2 விழுக்காடு குதிரைச் சீரம் கொடுத்தால், நல்ல செல்கள் சில நாள்களில் குழல்களாகின்றன; அவற்றுள் சில தாமாகவே துடிப்பதையும் பார்க்கலாம்.

இனி கணக்கு. துணுக்கிலிருந்து ஒரு லட்சம் செல்கள் கிடைத்தன என்று வைத்துக்கொண்டால், அவை பத்து முறை இரட்டித்தால் 10.24 கோடி ஆகும். அதாவது சிறுவனுக்கு ஒரு தடவை செலுத்தும் அளவை எட்டவே பத்துக்கும் மேற்பட்ட இரட்டிப்புகள். 66 கோடிக்குப் பதின்மூன்றை நெருங்க வேண்டும். மனிதத் தசைச் செல்லால் முடிவில்லாமல் பிளவுற இயலாது. ஒவ்வொரு பிளவிலும் குரோமோசோம் முனையிலுள்ள டெலோமியர் குறைகிறது. பிறந்த குழந்தையின் செல்களைவிட வளர்ந்தவரின் செல்கள் வெகு முன்னதாகவே ஓய்ந்துவிடும். டூஷேன் சிறுவர்களின் செல்களோ நோயோடு போராடி ஏற்கெனவே பல முறை பிளவுற்றவை. அவை குடுவையில் சீக்கிரமே தளர்ந்துபோவதைப் பிளாவின் குழு 1983-இல் காட்டியிருந்தது. அந்தச் சிறுவர்களுக்கு அடுத்தவர் செல் தேவைப்பட்டதற்கு மரபணுப் பழுதோடு இதுவும் ஒரு காரணம்.

அன்றைய ஆய்வகம் கேட்ட கேள்விகள் மூன்று. செல்கள் உயிரோடு இருக்கின்றனவா? நார்ச்செல் கலப்பு குறைவா? இணைந்து குழலாகின்றனவா? மூன்றுக்கும் விடை ஆம் என்றே வந்தது. கேட்கப்படாத நான்காவது கேள்வி, இவற்றுள் எத்தனை இன்னும் ஸ்டெம் செல்லாக இருக்கின்றன என்பது. அதைக் கேட்பதற்கான கருவியும் அப்போது இல்லை. சாட்டிலைட் செல்லின் அடையாளமான பாக்ஸ்7 புரதத்தின் பங்கு கனடாவில் மைக்கேல் ருட்னிக்கியின் குழு வழியாகத் தெரியவந்தது 2000-இல்தான். அடிப்படலத்தின் அணைப்பிலிருந்து பிரிந்து பிளாஸ்டிக்கில் ஒட்டிய ஓரிரு நாளில் செல் மயோடி புரதத்தை உற்பத்தி செய்யத் தொடங்கி, இழையாவதற்கான பாதையில் இறங்கிவிடுகிறது என்பதை இப்போது அறிவோம். சாட்டிலைட் செல்லை எடுத்து வைத்து வளர்த்தார்கள். அறுவடையில் கிடைத்தவை மயோபிளாஸ்டுகள். விதைநெல்லைக் குத்தி அரிசியாக்கி, மூட்டை எண்ணிக்கையைக் கண்டு மகிழ்ந்ததற்கு ஒப்பானது இது.

செலுத்திய பின்

மெண்டலின் முடிவு தனித்து நின்ற ஒன்றல்ல. 1992-இல் பிளாவின் ஸ்டான்ஃபோர்ட் குழு, எட்டுச் சிறுவர்களின் கெண்டைக்காலின் முன்பக்கத் தசையில் செல்களைச் செலுத்தி, மூவரிடம் கொடையாளியின் டிஸ்ட்ரோபின் ஆர்என்ஏ படிகளைக் கண்டதாக அறிவித்தது. மிக நுண்ணிய அளவையும் பெருக்கிக் காட்டும் முறையால் கிடைத்த விடை அது. செல் தசையில் சேர்ந்தது என்று நிறுவ அது போதும். சிறுவன் படியேற அது போதாது.

செல்கள் எப்படி மறைந்தன என்பதை மிக அழகாக விளக்கியது, முதலில் நம்பிக்கை தந்த அதே பார்ட்ரிட்ஜின் குழுதான். 1999-இல் வெளியான அந்த ஆய்வில், ஆண் எலியின் செல்களை எடுத்து, கதிரியக்கம் கொண்ட தைமிடினை அவற்றின் டிஎன்ஏவில் ஏற்றி, பெண் எலியின் தசையில் செலுத்தினார்கள். செலுத்திய செல்களுள் எத்தனை மிஞ்சின என்பதைக் கதிரியக்க அளவு சொல்லும். செல் பிளவுற்றாலும் அது கூடாது. ஒய் குரோமோசோமின் அளவோ, மிஞ்சியவை பிளவுற்றால் கூடும். கதிரியக்கம் ஓரிரு நாளிலேயே சரிந்துபோயிற்று. பெருந்திரளான செல்கள் மடிந்துவிட்டன. ஆனால் ஒய் குரோமோசோமின் அளவு சரிந்த பிறகு மெல்ல ஏறியது. வெகு சிலவே தப்பி, அவையே பெருகிப் புதுத் தசையைத் தந்திருக்கின்றன. தப்பியவை யாவை என்று பின்னோக்கிப் பார்த்தபோது, குடுவையில் மெதுவாகப் பிளவுற்றுக்கொண்டிருந்த சிறுபான்மையே அவை என்று தெரிந்தது. வளர்ப்பவர் விரும்புவது வேகமாகப் பெருகும் குடுவையை. தசை ஏற்றுக்கொண்டதோ அந்தக் குடுவையின் சோம்பேறிகளை. இந்தத் துறையில் இதைவிடக் கூர்மையான முடிவு ஒன்றை நான் படித்ததில்லை.

எதிர்ப்பாற்றல் என்னும் சிக்கலும் இருந்தது. தந்தையின் செல் மகனுக்கு முழுப் பொருத்தமாவது அரிது. டிஸ்ட்ரோபினே அந்தச் சிறுவனின் உடலுக்கு அறிமுகமற்ற புரதமாகவும் இருக்கலாம். அதை அடக்கத் தந்த சைக்ளோஸ்போரின், கால்சினியூரின் என்னும் நொதியைத் தடுத்து வேலை செய்வது. தசைச் செல் முதிர்ந்து இணைவதற்கும் அதே நொதி தேவை என்பது பின்னாளில் தெரிந்தது. காக்கக் கொடுத்த மருந்தே இணைவுக்குக் குறுக்கே நின்றிருக்கக்கூடும்.

மூன்றாவது சிக்கல் வெறும் தூரம். செலுத்திய மயோபிளாஸ்டுகள் ஊசித் தடத்தைவிட்டு அதிகம் நகர்வதில்லை. இதை ஒரு வடிவியல் கணக்காகவே எடுத்துக்கொண்டு தீர்க்க முயன்றது, கனடாவின் கியூபெக் நகரில் ஜாக் டிராம்பிளே, டேனியல் ஸ்கூக் ஆகியோரின் குழு. ஒன்பது நோயாளிகளுக்குக் கால் தசையில் ஒரு கன சென்டிமீட்டரோ அதற்கும் குறைவான பகுதியையோ மட்டும் தேர்ந்துகொண்டு, நெருக்கமான இணை ஊசித் தடங்களில் செல்களைச் செலுத்தினார்கள்; ஒரு கன சென்டிமீட்டருக்கு 25 தடங்கள், 3 கோடி செல்கள் என்பது முதலில் கையாண்ட அளவு. சைக்ளோஸ்போரினுக்கு மாற்றாக டாக்ரோலிமஸ் என்னும், எதிர்ப்பாற்றலை அடக்கும் வேறொரு மருந்தைக் கொடுத்தார்கள். 2006-இல் வெளியான முடிவின்படி, எட்டுப் பேரிடம் அந்தப் பகுதியில் கொடையாளியின் டிஸ்ட்ரோபின் கொண்ட இழைகள் 3.5 விழுக்காடு முதல் 26 விழுக்காடு வரை காணப்பட்டன. மெண்டல் குழுவின் எண்களோடு ஒப்பிட்டால் இது பெரும் முன்னேற்றம். ஆனால் அதே அடர்த்தியில் 100 கன சென்டிமீட்டர் தசையை நிரப்ப வேண்டுமானால் 2500 ஊசித் தடங்களும் 300 கோடி செல்களும் வேண்டும். அந்த 300 கோடிக்கான கூடுதல் இரட்டிப்புகளை மீண்டும் அதே குடுவையிடம்தான் கேட்க வேண்டும்.

பிளாஸ்டிக்கின் விலை

2005-இல் அடுத்தடுத்து வந்த இரண்டு ஆய்வுகள் குடுவையை நேரடியாகக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தின. லண்டனில் சார்லட் காலின்ஸும் சகாக்களும், செல்களை வளர்க்கவே இல்லை. எலியின் ஒரு தசையிழையை அதன்மேல் ஒட்டியிருந்த ஏழு சாட்டிலைட் செல்கள் அளவோடு அப்படியே எடுத்து, சிதைந்த தசைக்குள் வைத்தார்கள். அதிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட புது இழைகளும் ஆயிரக்கணக்கான கருக்களும் கிடைத்தன. புதிய சாட்டிலைட் செல்களும் உருவாயின. பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் டிடியே மொந்தாராவும் சகாக்களும் அதே ஆண்டு காட்டியது இன்னும் நேரடியானது: புதிதாகப் பிரித்த சாட்டிலைட் செல்களை மூன்றே நாள் வளர்த்துவிட்டுச் செலுத்தினாலும், தசை உருவாக்கும் திறன் பெரிதும் குறைகிறது. மூன்று நாளில் எண்ணிக்கை கூடியிருக்கிறது, பயன் கூடவில்லை.

ஏன் என்பதற்கு ஒரு விடை, தரையின் கடினம். பிளாவின் ஆய்வகத்தில் பென்னி கில்பர்ட் 2010-இல், தசையின் இளக்கத்துக்கு நிகரான, 12 கிலோபாஸ்கல் கடினமுள்ள கூழ்மப் பரப்பில் லாமினின் என்னும் புரதத்தைப் பூசி எலியின் செல்களை வளர்த்தார். சாதாரண வளர்ப்புத் தட்டின் பிளாஸ்டிக் அதைவிடப் பல்லாயிரம் மடங்கு கடினமானது. இளகிய பரப்பில் வளர்ந்தவை எண்ணிக்கையில் பெருகியதோடு, எலிக்குள் வைத்தபோது தசையில் தங்கவும் செய்தன. பிளாஸ்டிக்கில் வளர்ந்தவற்றுக்கு அந்தத் திறன் இல்லை. பின்னர் பி38 என்னும் சமிக்ஞைப் புரதத்தை மருந்தால் அடக்கி, செல்கள் இழைப் பாதையில் இறங்குவதைத் தாமதப்படுத்தும் முயற்சிகள் எலிச் செல்களிலும் மனிதச் செல்களிலும் ஓரளவு பலன் தந்துள்ளன. ஆனால் ஒரு வாரம் தாமதப்படுத்துவதற்கும், மனிதனுக்குத் தேவையான கோடிகளை எட்டும்வரை தாமதப்படுத்துவதற்கும் இடையே தூரம் மிகுதி.

பாரிஸில் இரு தசைகள்

குறையுள்ள செல்லாகவே இருந்தாலும், அதைக் கொண்டு எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதைப் பாரிஸில் நடந்த இரு பரிசோதனைகள் நன்கு வேறுபடுத்திக் காட்டுகின்றன.

முதலாவது இதயத்தில். அறுவை மருத்துவர் ஃபிலிப் மெனாஷே 2000 ஜூனில், மாரடைப்பால் இதயம் தளர்ந்த 72 வயது நோயாளி ஒருவரின் தொடைத் தசையிலிருந்து வளர்த்த ஏறத்தாழ 80 கோடி செல்களை அவருடைய இதயத் தசையின் தழும்பில் செலுத்தினார். தொடர்ந்து ‘மேஜிக்’ என்னும் பன்னாட்டுப் பரிசோதனை 97 நோயாளிகளிடம் நடந்தது. 40 கோடி செல்கள், 80 கோடி செல்கள், போலி ஊசி என மூன்று பிரிவு. 2008-இல் முடிவு வெளியானபோது, இதயத்தின் இயக்கத்தில் எதிர்பார்த்த மேம்பாடு இல்லை என்பதும், செல் பெற்றவர்களிடம் இதயத்துடிப்புக் கோளாறுகள் எண்ணிக்கையில் கூடுதலாக இருந்தன என்பதும் தெரிந்தன. அதிக அளவு பெற்றோரிடம் இதய அறையின் வீக்கம் சற்றே குறைந்தது மட்டுமே ஆறுதல். இதயச் செல்கள் ஒன்றோடொன்று மின் இணைப்பு கொண்டவை; எலும்புத்தசைச் செல் முதிர்ந்ததும் அந்த இணைப்புக்கான கனெக்ஸின்-43 புரதத்தைக் கைவிட்டுவிடும். செல் வளர்ந்தாலும் அந்த இடத்தின் தாளத்தில் சேராது. 80 கோடி செல்களை வளர்க்க முடிந்தது என்பதே அவற்றை அங்கே வைப்பதற்கான காரணமாகிவிட்டதோ என்ற ஐயம் எனக்கு உண்டு.

இரண்டாவது தொண்டையில். கண்ணிமையும் தொண்டையும் தளரும் ஒருவகைத் தசைச்சிதைவு நோய், பிஏபிபிஎன்1 மரபணுவில் ஒரு சிறு மீள்தொடர் நீண்டுவிடுவதால் நடுவயதுக்குப் பின் வருவது. இமை தொங்கும், உணவு விழுங்குவது கடினமாகும், உணவு மூச்சுக்குழாய்க்குள் போய் நுரையீரல் அழற்சி வரும். உணவுக்குழாயின் வாயிலிலுள்ள தசையைக் கீறித் தளர்த்தும் அறுவை சிகிச்சையால் விழுங்குவது எளிதாகிறது; ஆனால் தொண்டைச் சுவரின் தசை தொடர்ந்து தளர்வதால் அந்தப் பலன் ஆண்டுகள் செல்லச் செல்லக் கரைகிறது. சோஃபி பெரியே, ஜான் லாகோ சென் கிலி ஆகிய மருத்துவர்களும், வின்சென்ட் மூலி, கில்லியன் பட்லர்-பிரவுன் ஆகிய செல் ஆய்வாளர்களும் சேர்ந்து, 12 நோயாளிகளுக்கு இந்த அறுவை சிகிச்சையோடு அவரவர் செல்களையே தொண்டைத் தசையில் செலுத்தினார்கள். நோய் அதிகம் தொடாத வேறு தசைகளிலிருந்து எடுத்து வளர்த்த செல்கள் அவை. ஒருவருக்குச் செலுத்திய அளவின் இடைநிலை எண் 17.8 கோடி.

ஓஹியோவின் ஒவ்வொரு தடையும் இங்கே எப்படித் தணிகிறது என்று கவனித்துப் பார்க்கலாம். செல் நோயாளியுடையதே என்பதால் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து தேவையில்லை. தொண்டைத் தசை மெல்லியது, சிறியது. அறுவையின்போது கண்ணெதிரே திறந்திருப்பது. ஊசி ஒவ்வொன்றையும் பார்த்தே போடலாம். செல்லில் மரபணுப் பழுது இருந்தாலும், கை கால் தசையிலிருந்து வந்த செல்கள் குடுவையில் இயல்பாகவே பெருகின. தொண்டைத் தசையிலிருந்தே எடுத்தவை அப்படிப் பெருகவில்லை என்பதையும் இக்குழு முன்பே கண்டிருந்தது. நோக்கமும் அளவானது: தசையைப் புதிதாக்குவதாக யாரும் சொல்லவில்லை, அறுவையின் பலனை நீட்டிப்பதே இலக்கு.

2014-இல் வெளியான முடிவின்படி, இரண்டாண்டுக் கண்காணிப்பில் செல்லால் விளைந்த தீங்கு எதுவும் காணப்படவில்லை. 12 பேரின் வாழ்க்கைத் தர மதிப்பீடும் உயர்ந்தது. 10 பேரிடம் விழுங்கும் திறன் சரியவில்லை. கூடுதல் செல் பெற்றவர்களிடம் மேம்பாடும் கூடுதலாக இருந்தது. ஒப்பீட்டுக் குழு இல்லாத, அனைவருக்கும் அறுவையும் நடந்த பரிசோதனை இது. ஆகவே பலனில் எவ்வளவு கத்தியுடையது, எவ்வளவு செல்லுடையது என்று இதைக்கொண்டு அறுதியிட இயலாது. அளவுக்கேற்ப மேம்பாடு கூடியதுதான் செல்லின் பக்கம் சாயும் ஒரே சான்று. பன்னிரண்டு பேரில் கண்ட அத்தகைய போக்கை நான் அதிகம் நம்பமாட்டேன், புறந்தள்ளவும் மாட்டேன்.

இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான், தசைச்சிதைவுக்கு ஸ்டெம் செல் சிகிச்சை என்று விளம்பரம் வரும்போது படிக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், இரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை வகைச் சிகிச்சையைத் தவிர மற்ற எல்லா ஸ்டெம் செல் பயன்பாட்டையும் பதிவுபெற்ற பரிசோதனைக்குள்ளேயே செய்ய வேண்டும் என்கின்றன. பரிசோதனைக்குக் கட்டணம் கேட்கப்பட்டால் அதுவே போதிய எச்சரிக்கை.

டூஷேன் சிறுவர்களிடம் திரும்பினால், ஊசியால் எட்ட முடியாத தசைகள்தான் அவர்களுடைய உயிரைத் தீர்மானிக்கின்றன. இரத்தத்தில் விட்டால் மயோபிளாஸ்ட் குழாய்ச் சுவரைக் கடந்து தசைக்குள் போவதில்லை. கடக்கக்கூடிய வேறொரு வகைச் செல்லை, இரத்தக் குழாயை ஒட்டி வாழும் மீசோஆஞ்சியோபிளாஸ்டை, ஜூலியோ கொஸ்ஸுவின் குழு மிலானில் ஐந்து நோயாளிகளுக்கு, திசுப் பொருத்தமுள்ள உடன்பிறந்தோரிடமிருந்து வளர்த்து, தமனி வழியாகச் செலுத்தியது. 2015-இல் வெளியான முடிவில், சிகிச்சை பெருமளவு பாதுகாப்பானதே என்றாலும் வலுவில் பயன் தெரியவில்லை. கொடையாளியின் டிஸ்ட்ரோபின் மிகக் குறைந்த அளவில் ஒருவரிடம் மட்டுமே காணப்பட்டது. அங்கேயும் செல்கள் சென்றது கை கால்களின் தமனிகளில்தான். மூச்சை இயக்கும் உதரவிதானத்துக்குப் போதுமான செல்களைக் கொண்டுசேர்க்கும் வழியை இந்தப் பரிசோதனைகளுள் எதுவும் தரவில்லை.